கொயில் முனையில் 27 ஹெர்ட்ஸ், டாஷ்போர்டில் 800 சுற்று: எது சரி?

கேள்வி (உப்புவெளி):
வணக்கம் அண்ணாமார். என்னுடையது பழைய 4 சிலிண்டர் பெற்றோல் கார். எலக்ட்ரோனிக் இக்னிஷன், டிஸ்ரிபியூட்டர் (பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடுவது), ஒற்றைக் கொயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தருவது). நிலாவெளி றோட்டில் நிமிடத்துக்கு 4500 சுற்றைத் தாண்டினால் மிஸ் அடிக்கிறது (இஞ்சின் விட்டுவிட்டு ஓடுகிறது), அதற்குக் கீழே நன்றாக ஓடுகிறது. பிளக்கும் வயரும் புதிது. கொயிலும் அண்மையில் கராஜில் மாற்றியதுதான். மல்ரிமீற்றரை ஹெர்ட்ஸில் வைத்துக் கொயிலின் மைனஸ் முனையில் பார்த்தேன், ஐட்லிங்கில் 27. அதை 60ஆல் பெருக்கினால் 1620 வருகிறது. டாஷ்போர்டில் 800தான் காட்டுகிறது.

பதில் (உவர்மலை):
தம்பி, இரண்டும் சரி. நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறிதான். நாலு சிலிண்டருக்கும் ஒரே கொயில் என்பதால் சுற்றுக்கு 2 பொறி. நிமிடத்துக்கு 60 செக்கன், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி, ஆகவே 120ஆல் வகுக்க வேண்டும்: 800 × 4 ÷ 120 = 26.7. உங்கள் 27 அதுதான்.

அந்த முனையில் இனி மீற்றரை வைக்க வேண்டாம். கரண்ட் வெட்டுப்படும் கணத்தில் அங்கே 300, 400 வோல்ட் வரும், சின்ன மீற்றர் கருகிவிடும். இக்னைட்டரிலிருந்து (கொயிலின் கரண்டை வெட்டும் எலக்ட்ரோனிக் பகுதி) டகோமீற்றருக்கு (டாஷ்போர்டில் சுற்றுக் காட்டும் மீற்றர்) தனி வயர் போனால் அதில் பாருங்கள்.

பதில் (மூதூர்):
புதிய கார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பிளக்குக்கு ஒரு கொயில் என்றால் ஒவ்வொரு கொயிலிலும் சுற்று ÷ 120. இரண்டு பிளக்குக்கு ஒரு கொயில் என்றால் சுற்று ÷ 60.

கேள்வி (உப்புவெளி):
நன்றி அண்ணா, கணக்கு விளங்கிவிட்டது. அப்படியென்றால் மிஸ் ஏன் அடிக்கிறது?

பதில் (உவர்மலை):
அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4500 சுற்றில் 150 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே 6.7 மில்லிசெக்கன். பொறி எரிய ஒன்றரை போனால் மிச்சம் 5. எலக்ட்ரோனிக் இக்னிஷனுக்கான கொயிலில் 3 மில்லிசெக்கன் அளவில் வேண்டிய கரண்ட் ஏறிவிடும். ஆகவே நேரம் தாராளம். அப்படியும் விடுகிறது என்றால் எனக்கு அந்தப் புதுக் கொயில்மேல்தான் சந்தேகம்.

வயரைக் கழற்றிவிட்டுப் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே ஓம் பாருங்கள். முதலில் மீற்றரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு கழியுங்கள். இவ்வளவு சிறிய அளவில் அதுவே ஆளை ஏமாற்றும். அப்புறம் இக்னைட்டரின் ஏர்த் போல்ட். நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு அது பூத்துப் போயிருக்கும்.

கேள்வி (உப்புவெளி):
3.2 காட்டியது, 0.3 கழித்தால் 2.9. போல்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி.

பதில் (உவர்மலை):
2.9 என்றால் பொயின்ற் (இக்னைட்டருக்குப் பதிலாகக் கரண்டை வெட்டும் தொடுமுனை) வைத்த பழைய இக்னிஷனுக்கான கொயில். எலக்ட்ரோனிக் கொயில் பெரும்பாலும் 1 ஓம் பக்கம்தான் இருக்கும். 13.5 வோல்ட்டை 2.9ஆல் வகுங்கள், எவ்வளவு நேரம் கொடுத்தாலும் 4.7 அம்பியருக்கு மேல் ஏறாது. அதுவும் மெதுவாகத்தான் ஏறும். சுற்று கூடக் கூட அந்த நேரமும் போதாமல் போய், பொறி பலவீனமாகி மிஸ் அடிக்கும். ஏர்த்தும் கெட்டிருந்தால் கரண்ட் இன்னும் குறையும்.

உங்கள் காரின் பார்ட் நம்பருக்கு உரிய கொயிலையே வாங்குங்கள். அதைவிடக் குறைந்த ஓம் போட்டால் இக்னைட்டர் எரியும். போல்டைக் கழற்றி இரும்பு பளபளக்கும்வரை உரசி, இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள். டிஸ்ரிபியூட்டரை அசைக்காதவரை டைமிங்கைத் தொடத் தேவையில்லை.