0% பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்: உண்மையில் எத்தனை சதவீதம்?

சில்லறை:
வேறு பேங்கின் கிரெடிட் கார்டில் இருக்கும் கடனை எங்கள் கார்டுக்கு மாற்றுங்கள், 6 மாதம் வட்டியே இல்லை என்று ஒரு பேங்கிலிருந்து மெயில். கீழே பொடி எழுத்தில் மாற்றுக் கட்டணம் 5%. ஒரு லட்சத்தை மாற்றினால் முதல் நாளே கடன் 1,05,000. மாதம் 17,500 வீதம் ஆறு தவணையில் அடைத்தால், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 17% வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம். கட்டணத்தை முழு லட்சத்துக்கும் எடுத்துக்கொள்கிறார்கள், கடனோ மாதாமாதம் கரைந்துகொண்டே வருகிறது. இதுவா பூஜ்யம்?

நிதானம்:
17% சரிதான். எதோடு ஒப்பிடுகிறீர்கள்? மாதம் 3% வட்டி போடும் கார்டிலேயே அந்த லட்சத்தை ஆறு மாதத்தில் அடைத்தால் வட்டி மட்டும் 10,750 வரும். இங்கே 5,000. பாதிகூட இல்லை. கட்டணத்தை யாரும் ஒளித்து வைக்கவும் இல்லை, நீங்களே படித்துவிட்டீர்களே.

சில்லறை:
கட்டணம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாததைச் சொல்கிறேன். 0% என்பது பெரும்பாலும் மாற்றிய தொகைக்கு மட்டும். அதே கார்டில் புதிதாக ஏதாவது வாங்கினால், வழக்கமான வட்டியில்லா நாட்கள் பல கார்டுகளில் கிடைக்காது. மாற்றிய பாக்கி நிற்கும்வரை, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

நிதானம்:
அந்தக் கார்டைத் தேய்க்காமல் இருந்தால் தீர்ந்தது.

பழையபாக்கி:
இடையில் வருகிறேன். என் அக்காவுக்கு நடந்தது இது. பழைய கார்டின் ஸ்டேட்மெண்ட் 5ஆம் தேதி வந்தது. டிரான்ஸ்ஃபர் பணம் 20ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. ஆப்பில் பாக்கி பூஜ்யம் என்று காட்டியதும் ஆப்பையே நீக்கிவிட்டார். அந்த 15 நாளுக்கான வட்டி அடுத்த ஸ்டேட்மெண்டில் வந்தது, சின்னத் தொகைதான். அதைப் பார்க்காததால் விழுந்த தாமதக் கட்டணம் அந்த வட்டியைவிடப் பெரியது. கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒரு கறையும் சேர்ந்தது.

நிதானம்:
வருத்தம்தான். ஆனால் அது கவனக்குறைவு, டிரான்ஸ்ஃபரின் செலவு இல்லை.

பழையபாக்கி:
பூஜ்யம் என்று அவர்களே காட்டிய பிறகு என்ன கவனம் வேண்டும் என்கிறீர்கள்? இன்னொன்று, பணம் போய்ச் சேர வாரக்கணக்கில்கூட ஆகலாம். அதுவரை பழைய கார்டின் கெடு தேதி அப்படியே நிற்கும். மினிமமாவது, அதாவது மாதாமாதம் கட்டியே தீரவேண்டிய குறைந்தபட்சத் தொகையாவது, கட்டியாக வேண்டும். இதை மெயிலில் எந்த இடத்தில் போட்டிருக்கிறார்கள்?

சில்லறை:
அப்புறம், புது கார்டில் ஒரு தவணை தாமதமானாலே 0% சலுகையை ரத்து செய்யலாம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். தவறாமல் கட்டினாலும், மாதாமாதம் பாக்கியில் 5% மினிமம் மட்டும் கட்டுகிறவருக்கு ஆறு மாத முடிவில் 77,000 சொச்சம் பாக்கி நிற்கும். ஏழாம் மாதம் முதல் அதற்கு முழு வட்டி.

நிதானம்:
அதே ஆள் பழைய கார்டிலேயே 5% மினிமம் கட்டிக்கொண்டிருந்தால் ஆறு மாதம் கழித்து 87,000க்கு மேல் நிற்கும். பத்தாயிரம் கூடுதல். மோசமாகக் கட்டுகிறவருக்கும் மாற்றியதுதான் லாபம்.

சில்லறை:
அவர் பழைய கார்டை மறுபடி எடுக்காமல் இருந்தால்! டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் அதில் லிமிட் முழுவதும் காலியாக இருக்கும். அதில் ஒரு ஃபோன், ஒரு பயணம். ஆறு மாதத்தில் இரண்டு கார்டிலும் கடன். உங்கள் கணக்கில் இதற்கு வரிசையே இல்லை.

நிதானம்:
அதற்குப் பேங்க் என்ன செய்யும்?

சில்லறை:
என்ன செய்யும்? அதை எதிர்பார்த்துத்தானே மெயிலே அனுப்புகிறது.

நிதானம்:
சரி, இதை மறுக்க முடியாது. மாற்றிய கையோடு பழைய கார்டின் லிமிட்டைக் குறைக்கச் சொல்லிவிடலாம். முடியாதவர்கள் மாற்றாமல் இருக்கலாம்.

புதுவரவு:
எனக்கு மாத வட்டி 2%. ஒரு லட்சம் பாக்கி, இரண்டு மாதத்தில் அடைத்துவிடுவேன். 3% கட்டணத்தில் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

நிதானம்:
வேண்டாம். இருக்கிற இடத்திலேயே அடைத்தால் வட்டி 3,010. மாற்றினால் கட்டணம் 3,000. மிச்சம் பத்து. புது கார்டுக்கு விண்ணப்பித்தால் கிரெடிட் ஸ்கோரும் கொஞ்சம் இறங்கும்.

சில்லறை:
கட்டணத்தின் மேல் வரி உண்டா என்றும் கேளுங்கள். அந்தப் பத்தும் போய்விடும்.