ஆட்குறைப்பில் தப்பியவர்கள் என்ன செய்யலாம்? – நீலகிரி மலைப் பக்கத்து நாலு ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

கோத்தகிரி

பட்டியலில் தன் பெயர் இல்லை என்று தெரிந்த அன்று நிம்மதி, மறுநாளே மனசு அரிக்க ஆரம்பிக்கும். "அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க, வீட்டுக் கடன் வேற. என்னை ஏன் விட்டு வெச்சாங்க?" பெங்களூரு, கோவை கம்பெனிகளுக்கு ஹட்டியில் (படுகர் ஊரில்) இருந்தே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் வாயிலும் இதே கேள்விதான் வருகிறது. நகரத்தில் என்றால் வேலை போனவரைப் பார்க்காமலே காலம் தள்ளிவிடலாம். இங்கே ஊட்டி சாரிங் கிராஸில் பார்ப்பீர்கள், கல்யாணத்தில் பார்ப்பீர்கள், ஹெத்தை ஹப்பா திருவிழாவில் பக்கத்தில் உட்கார வேண்டிவரும்.

அதனால் வேலை போனவருக்கு முதல் போனை இரண்டு மூன்று நாளுக்குள் போட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால் "என்ன பேசுறது" என்ற தயக்கம் வளரும், அவரோ "இவனும் ஒதுங்கிட்டான்" என்று முடிவு கட்டிவிடுவார். "எதுனா வேணும்னா சொல்லு" என்பதில் பயனில்லை, கேட்கும் சங்கடம் அவர் தலையில்தான் விழும். "ரெஸ்யூமை இன்னிக்கு ராத்திரி அனுப்பு, நாளைக்கு ரெண்டு இடத்துக்குப் போட்டுவிடறேன்" என்று சொல்லுங்கள். சொன்னதை மறுநாளே செய்யுங்கள். "இப்ப எனக்கு ரெண்டு பேர் வேலை" என்ற புலம்பல் உண்மையாகவே இருந்தாலும் அவரிடம் வேண்டாம்.

குன்னூர்

கோத்தகிரி அண்ணா சொன்ன போனிலேயே கேட்க வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. வேலை போனவருக்கு அந்த வாரம் தலை ஓடாது. உள்ளே இருப்பவர்தான் நிதானமாக நினைவுபடுத்த முடியும்.

முதலில் கேட்க வேண்டியது, ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாரா என்பது. "நீங்களே எழுதிக் கொடுத்தா ரெக்கார்டு நல்லா இருக்கும்" என்று ஹெச்.ஆர். சொல்வது வழக்கம். எழுதிக் கொடுத்துவிட்டால் சட்டப்படி அது ஆட்குறைப்பு ஆகாது. சட்டம் 'தொழிலாளி' என்று ஏற்கும் பொறுப்பில் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். ராஜினாமா என்றால் அந்த இழப்பீட்டைக் கேட்கப் பிடிமானம் போய்விடும். பதவியின் பெயரைப் பார்த்து 'மேனேஜர்' என்று ஒதுக்கிவிடாதீர்கள், செய்த வேலை என்ன என்பதுதான் கணக்கு.

கிராஜுட்டி (பணிக்கொடை) வேறு பணம், ஐந்து வருஷம் முடித்தவருக்கு உண்டு. பலர் மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்துக் குறைவாகக் கணக்குப் போடுகிறார்கள். 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். கணக்கில் வரும் சம்பளம் 26,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 15,000. எட்டு வருஷம் ஏழு மாதம் சர்வீஸ் என்றால் ஒன்பது வருஷம்: 1,35,000.

அடுத்தது போன் நம்பர். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் கம்பெனி கொடுத்த சிம் நம்பர் இருந்தால், சிம்மைத் திருப்பிக் கொடுத்த நிமிஷமே ஓ.டி.பி. வராது. கொடுப்பதற்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 எல்லாம் சொந்த மெயிலில் இருக்கட்டும் (கம்பெனியின் வேலைக் கோப்புகளைத் தொடவே கூடாது, வம்பாகும்). பி.எஃப்.பில் வெளியேறிய தேதியைக் கம்பெனி பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து அவரே போர்ட்டலில் பதியலாம்.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பும்போது சீரியல் நம்பரையும் திரையையும் மூலைகளையும் படம் எடுத்துவிட்டு, டவுன் கூரியர் ஆபீஸில் நேரில் கொடுத்து ரசீது வாங்கட்டும். வழியில் உடைந்த திரைக்கு செட்டில்மென்ட்டில் பிடித்தம் வந்தால் அந்தப் படங்கள்தான் பேசும்.

குடும்பத்துக்கான குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். அதற்கு முன்பே அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் தனி பாலிசியாக மாற்றக் கேட்டால், பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்காமல் இருக்க வழி உண்டு. வயதான அப்பா அம்மா இருக்கும் வீட்டில் இது கிராஜுட்டியைவிடப் பெரிய விஷயம்.

ஊட்டி

உள்ளே இருப்பவரின் உடம்பைப் பற்றியும் பேசுவோம். ஆட்குறைப்பில் மிஞ்சியவர்கள் முன்பைவிட அதிகமாக உழைத்துத் தள்ளுவதை ஜோயல் பிராக்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களிலேயே சோதனையில் காட்டியிருக்கிறார். குற்ற உணர்ச்சியும் அப்படி உழைக்க வைக்கும். தங்களை விட்டு வைத்ததை நியாயப்படுத்துவதாக நினைத்து ராத்திரி பதினொன்று வரை உட்காருவார்கள். சில மாதத்தில் தூக்கம் கெடும், வயிறு கெடும், வேலையில் தப்பு வரும்.

போனவர் பார்த்த வேலைகளை ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பக்கத்தில் போடுங்கள். அதை மேனேஜருக்கு மெயிலில் அனுப்பி, "எதை நிறுத்தலாம், எதைத் தள்ளிவைக்கலாம்?" என்று கேளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் "எல்லாத்தையும் பார்த்துக்கோ" என்றுதான் பதில் வரும். எழுத்தில் மணிக்கணக்கைப் பார்த்தால் அவரும் யோசித்துத்தான் பதில் போட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். வேலை போனவர்களுக்கு மட்டுமானது அல்ல.

கூடலூர்

எஸ்டேட் கம்பெனிகளில் இதே பிரச்சினைக்கு வேறு முகம். வேலையோடு லைன் வீடும் (எஸ்டேட் கொடுத்த குடியிருப்பு) போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறும். வேலையில் இருப்பவர் காசு கொடுப்பதைவிட, வீட்டைக் காலி செய்யும் தேதியைப் பரீட்சை முடியும் வரை தள்ளிவைக்கும்படி சங்கத்தோடு சேர்ந்து மனு கொடுப்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவி. அதிகாரி வாயால் சரி என்றால் போதாது, தேதி போட்ட கடிதமாக வாங்குங்கள்.

இன்னொன்று. ஆட்குறைப்பு செய்த ஒரு வருஷத்துக்குள் கம்பெனி மறுபடி ஆள் எடுத்தால், வெளியே அனுப்பிய தொழிலாளிக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும். ஆள் எடுக்கும் செய்தி வெளியே போனவருக்குத் தானாக வராது. எஸ்டேட் ஆபீஸ் நோட்டீஸ் போர்டையோ கம்பெனியின் உள் வேலைவாய்ப்புப் பக்கத்தையோ வாரம் ஒருமுறை பாருங்கள். அவர் பார்த்த வேலைக்கு இடம் வந்தால் அன்றே தேதியோடு படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். பழைய ஊழியர் எண்ணைக் குறிப்பிட்டு அவர் பதிவுத் தபாலில் விண்ணப்பிக்கட்டும், ஒப்புகைச் சீட்டை மட்டும் தொலைக்க வேண்டாம்.