கமாண்ட் லைனில் ரௌட்டரை நிறுத்தப்போய் நடந்த கதைகள்

கன்சோல்கேபிள்:
ரேக் மாற்றும் வேலை, நள்ளிரவு தாண்டிவிட்டது. ஜூனோஸ் (ஜூனிபர் ரௌட்டரின் ஓஎஸ்) ஓடும் பெட்டி. சும்மா பவரைப் பிடுங்கினால் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகலாம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் முறையாக 'ரிக்வெஸ்ட் சிஸ்டம் ஹால்ட்' கொடுத்தேன். தொலைவிலிருந்து நுழைந்திருந்த எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தது. நான் இருந்தது வேறு ஊரில். ரேக் பக்கத்தில் ஒரு தம்பி, கன்சோலில் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு போனில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஸ்க்ரீன் அப்படியே நிக்குது. ஹேங் ஆயிடுச்சா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் டக் என்று ஒரு சத்தம். எண்டர் தட்டிவிட்டார். ஹால்ட் ஆனதும் கடைசி வரியில், ஏதாவது ஒரு கீயை அழுத்தினால் மறுபடி பூட் ஆகும் என்றுதான் ஆங்கிலத்தில் போட்டிருக்கும். "அண்ணா, என்னமோ ஓடுதுண்ணா, வரி வரியா வருது..."

பூட் நடுவில் பவரை எடுப்பதற்கா இவ்வளவு மெனக்கெட்டோம்? முழுசாக எழும்வரை இரண்டு பேரும் போனில் பேசாமல் இருந்தோம். மறுபடி ஹால்ட். "இப்ப கையை எடுங்க தம்பி, கீபோர்ட்லேர்ந்து கையை எடுங்க" என்று கத்தியது எனக்கே வேடிக்கையாக இருந்தது. அதே வேலைக்கு 'பவர்-ஆஃப்' என்று தனிக் கமாண்டும் இருக்கிறது.

நைட்ஷிஃப்ட்:
உங்களுக்காவது பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். நான் முன்பு இருந்த இடத்தில், மலைமேல் டவரில் ஒரு மைக்ரோடிக் ரௌட்டர். சீனியர் ஒருவர் அதை ரீபூட் பண்ண உட்கார்ந்தார். பேச்சு மும்முரத்தில் ரீபூட்டுக்குப் பதில் ஷட்டவுன் அடித்துவிட்டார். ஒய்யா (ஆம்), என்னா (இல்லை) என்று கேட்கும், தெரியுமே. ரீபூட்டும் அதையேதான் கேட்கும், விரல் தானாக ஒய் அடித்தது. பிங் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "இப்ப வந்துடும், இப்ப வந்துடும்" என்றார். டைம் அவுட், டைம் அவுட் என்று திரை நிறைந்தது. அப்புறம் டெர்மினலில் மேலே ஸ்க்ரோல் பண்ணி, அடித்ததைப் படித்தார். அவர் முகம் போன போக்கு!

ஷட்டவுன் ஆன ரௌட்டர்போர்டு (மைக்ரோடிக் பெட்டி), யாராவது பவரைப் பிடுங்கிச் செருகினால்தான் எழும். விடிந்ததும் ஜீப் போனது.

பிஜிபிபித்தன்:
இரண்டு பேரும் உங்கள் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். பக்கத்து ரௌட்டர்களை யார் நினைத்துப் பார்க்கிறீர்கள்? என் கதை சின்னது. லினக்ஸில் எஃப்ஆர்ஆர் (லினக்ஸையே ரௌட்டர் ஆக்கும் மென்பொருள்) தொங்கியது. ஒருவர் அதன் எல்லா டீமன்களையும் (பின்னணி ப்ரோக்ராம்கள்) ஒரே மூச்சில் 'கில் மைனஸ் 9' பண்ணி, கட்டாயமாகக் கொன்றார். நின்றதா என்றால் நின்றது. ஆனால் 'ஐபி ரூட்' அடித்தால், பிஜிபி (ரௌட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் நெறிமுறை) கற்ற ரூட் எல்லாம் கர்னலில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன! ஒழுங்காக நிறுத்தியிருந்தால் எஃப்ஆர்ஆரின் ஜீப்ரா டீமன் அவற்றைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும். வெளியே போகும் பாக்கெட் போய்க்கொண்டே இருந்தது, திரும்பி ஒன்றும் வரவில்லை. செத்த டீமன் போட்ட வழி.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் 'பிஜிபி கிரேஸ்ஃபுல்-ஷட்டவுன்' போடுங்கள். அது உங்கள் ரூட்டுகளில் 65535:0 என்ற கம்யூனிட்டியை, அதாவது ஒரு அடையாளச் சீட்டை, ஒட்டும். இதற்கான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 8326, 2018-இல் வந்தது. அதை மதிக்கும் பக்கத்து ரௌட்டர் உங்கள் வழிக்கு லோக்கல் பிரிஃபரன்ஸை (முன்னுரிமை எண்) 0 ஆக்கி, வேறு வழி இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளும். மதிக்காதவர்களும் உண்டு, அதனால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ட்ராஃபிக் கிராஃப் சரிந்து தரையைத் தொடும்வரை காத்திருங்கள். அப்புறம் நெய்பர் (பக்கத்து ரௌட்டர்) இணைப்புகளை ஒவ்வொன்றாக ஷட்டவுன். அதற்கும் அப்புறம்தான் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்'. நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்து, நீங்கள் பவரை மட்டும் பிடுங்கினால், எதிர்ப்பக்கத்துக்கு லிங்க் விழுந்ததே தெரியாது. ஹோல்ட் டைமர் (சத்தமே இல்லாவிட்டால் செத்ததாக முடிவெடுக்கும் நேரம்) தீரும்வரை உங்களுக்கே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். எஃப்ஆர்ஆரின் இயல்பான அளவு 180 வினாடி. இணைப்பு செத்ததைச் சட்டென்று கண்டுபிடிக்கும் பிஎஃப்டி இருந்தால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் 3 நிமிடம் குப்பைத்தொட்டிக்குத்தான்.

கன்சோல்கேபிள்:
ஜூனோஸில் அந்த ஹோல்ட் டைமர் 90 வினாடி. எந்த ட்ராஃபிக்கும் இல்லாத பெட்டியைத்தான் நான் நிறுத்தினேன் ஐயா. பாடம் எனக்கா, தம்பிக்கா?

பூண்டுரசம்:
என்னுடையது ரேக்கில் இருக்கும் ரௌட்டர் இல்லை, விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஓடும் ஐ2பி ரௌட்டர். ஐ2பி என்பது ஆளை மறைக்கும் நெட்வொர்க், நான் ஓட்டும் மென்பொருள் ஐ2பிடி. மற்றவர்களின் டனல் என் வழியாகப் போகும், ஒரு டனலின் ஆயுள் 10 நிமிடம். 'கில் மைனஸ் இன்ட்' கொடுத்து இன்ட் சிக்னல் அனுப்பினால் புது டனல் எதையும் ஏற்காமல், இருப்பவை முடிய 600 வினாடி வரை காத்திருந்துவிட்டுத்தான் நிற்கும். கொடுத்துவிட்டு வெப் கன்சோலில் டிரான்சிட் டனல் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்க இறங்க ஒரு திருப்தி. யாரென்றே தெரியாத ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போகிறார்கள். பாதி வந்திருக்கும், கூட இருந்த நண்பர், "நிக்கவே இல்லையே, கமாண்ட் போகலையோ" என்று அதே சிக்னலை இன்னொரு தடவை அனுப்பினார். பட்டென்று போய்விட்டது. இரண்டாவது இன்ட் என்றால் 'இப்பவே நில்' என்று அர்த்தம்.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கொடுப்பவர்கள் கவனிக்கவும், ஐ2பிடியோடு வரும் யூனிட் ஃபைலில் (சிஸ்டம்சிடிஎல் படிக்கும் அமைப்பு ஃபைல்) அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பு செயல்படாத கமெண்ட்டாகத்தான் இருக்கும், நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். ஜாவா ஐ2பி என்றால் 'ஐ2பிரௌட்டர் கிரேஸ்ஃபுல்', அது 11 நிமிடம் வரை எடுக்கும்.

பழையரோம்மான்:
ஹால்ட்டாவது இன்ட்டாவது. பழைய சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் பெட்டியை நிறுத்த கமாண்டே கிடையாது. ஷட்டவுன் என்றால் இன்டர்ஃபேஸுக்கு. ரைட் மெமரி போட்டு கான்ஃபிக்கைச் சேமி, ஸ்விட்சைத் தட்டு, வீட்டுக்குப் போ.

பிஜிபிபித்தன்:
பக்கத்து ரௌட்டரைப் பற்றி நான் சொன்னதை ஒருவரும் படிக்கவில்லை என்று தெரிகிறது.

நைட்ஷிஃப்ட்:
படித்தோம் சார். ஒரு பேர்ட் கதையும் இருக்கிறது, கேளுங்கள். பேர்டும் எஃப்ஆர்ஆர் போல ஒரு ரௌட்டிங் மென்பொருள். ரௌட் சர்வரில் (பலருக்கும் பொதுவாக வழிகளைப் பகிரும் சர்வர்) ஒரே ஒரு பியரை (இணைந்திருக்கும் ரௌட்டரை) மட்டும் இறக்க வேண்டும். அதன் கமாண்ட் லைனான 'பேர்ட்சி'க்குள் போய் 'டவுன்' என்று அடித்தால் எதை இறக்க என்று கேட்கும் என்று ஒருவர் நினைத்தார். கேட்கவில்லை, ஒய்யா என்னா என்றுகூட. 'ஷட்டவுன் ரிக்வெஸ்டட்' என்று ஒரு வரி வந்தது, பேர்ட் மொத்தமாகப் போனது, எல்லாப் பியரும் போனது. அவர் தேடியது 'டிசேபிள்', சொன்ன பியரை மட்டும் இறக்குவது.