‘ஃபாரின் டெரரிஸ்ட் ஃபைட்டர்’: சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமை பன்னாட்டுச் சட்ட வகுப்புக்குத் தமிழில் எட்டுப் பக்கக் குறிப்பு கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் சனிக்கிழமை இரவு ஏழுக்குள் பென் டிரைவ் கைக்கு வரவேண்டும் என்கிறார். ஒரு சொல்தான் இடிக்கிறது. சிரியாவுக்கும் இராக்குக்கும் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பில் சேரக் கிளம்பியவர்களை மனத்தில் வைத்து 2014 செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை 2178ஆம் தீர்மானம் போட்டதே, அதில் வரும் ‘ஃபாரின் டெரரிஸ்ட் ஃபைட்டர்’. நான் ‘வெளிநாட்டுப் பயங்கரவாதப் போராளி’ என்று எழுதியிருந்தேன். போன வகுப்பில் படித்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி, “சார், நம்ம ஊர்ப் பையன் சிரியாவுக்குப் போனா அவன் நமக்கு எப்படி சார் வெளிநாட்டான்?” என்றாள். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

தேவகோட்டையிலிருந்து:
வெளிநாட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்தப் ‘போராளி’யைத் தூக்குங்கள். தண்ணீர் கேட்டுச் சாலையில் உட்காருகிறவரைப் போராளி என்கிறோம், அது மரியாதைச் சொல். போர் + ஆளி. ஆளி என்றால் சிங்கம், கோயில் தூணில் நிற்கிறதே அதுதான். அந்தப் பெருமை ஊரைக் கொளுத்துகிறவனுக்கு எதற்கு?

பள்ளத்தூரிலிருந்து:
தம்பி, சிங்கத்தை விடுங்கள். தொழிலாளி, நோயாளி, கடனாளி எல்லாவற்றிலும் இருக்கும் அதே ஆளிதான் இது. நம் பக்கத்தில் கடனாளியை யாராவது சிங்கம் என்று சொல்லிக் கேட்டதுண்டா?

போராளி வேண்டாம் என்பது சரி, காரணம் வேறு. 2178 சண்டை போட்டவனை மட்டும் பிடிக்கச் சொல்லவில்லை. பயங்கரவாதச் செயல் செய்ய, திட்டமிட, பயிற்சி கொடுக்க, பெற என்று தன் நாட்டை விட்டு வேறு நாட்டுக்குக் கிளம்பினாலே, கிளம்ப முயன்றாலே அதைக் குற்றமாக்கு, அதற்குப் பணம் கொடுத்தவனையும் ஆள் சேர்த்தவனையும் விடாதே என்று ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் எல்லா நாடுகளையும் கட்டுகிறது. துப்பாக்கியைத் தொடாமல் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டவனும் இதில் அடக்கம். அவன் எங்கே போராடினான்? தவிர, போர்ச் சட்டத்தில் ‘போரிடுவோர்’ என்பது தனிக் கணக்கு. நாடுகளுக்கிடையே நடக்கும் போரில் பிடிபட்டால் அவர்களுக்குப் போர்க்கைதி உரிமை உண்டு. இரண்டையும் மாணவர்கள் ஒன்றாக்கிவிடுவார்கள்.

கண்டனூரிலிருந்து:
ஆச்சி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ‘பயங்கரம்’ வடசொல் என்பதை ஏன் ஒருவரும் பேசவில்லை? நம்மிடமே அருமையான சொல் இருக்கிறது: வம்பர். ‘வம்பு நிலையின்மை’ என்கிறது தொல்காப்பிய உரியியல். நிலையாக இல்லாதவன், வெளியிலிருந்து புதிதாக வந்து புகுந்தவன். மாமூலனார் அகநானூற்றில் ‘வம்ப மோரியர்’ என்று படையோடு வந்தவரைத்தான் சொல்கிறார். அயல், படை, நிலையின்மை மூன்றும் ஒரே சொல்லில். இதைவிட என்ன வேண்டும்?

கோட்டையூரிலிருந்து:
அண்ணே, ‘வம்பர்கள் மீது பாதுகாப்பு அவை தீர்மானம்’ என்று அச்சடித்தால், திண்ணையில் உட்கார்ந்து வம்பளக்கிறவர்களுக்கு ஐ.நா. தடை என்றுதான் படிப்பவர் நினைப்பார். தடா, பொடா காலத்திலிருந்து பத்திரிகை படிப்பவருக்குப் ‘பயங்கரவாதம்’ பழகிவிட்டது. வடசொல்லானாலும் குடிவந்த சொல். ‘வன்கொடுமை’ என்று மாற்றலாம் என்றால் அது வேறொரு சட்டத்துக்குப் போய்விட்டது. ‘கூலிப்படை’யும் ஆகாது. அது காசுக்குப் போகிறவனுக்கு, 1977 ஜெனீவா கூடுதல் நெறிமுறையிலேயே தனி வரையறை இருக்கிறது.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஐயா இரங்கூன் கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளானவர். அங்கே இருந்தவரை அவர் இந்தியாக்காரர், ஊர் திரும்பிய பிறகு சாகும்வரை தெருவில் ‘பர்மாக்காரர்’. இந்தத் தீர்மானத்தில் ‘ஃபாரின்’ என்பதும் போன இடத்துக்கு அயலான் என்றுதான். ‘வெளிநாட்டு’ என்று போட்டால் நம் நாட்டுக்குள் நுழைந்தவன் என்று ஆகிவிடும். 2017 டிசம்பரில் வந்த 2396ஆம் தீர்மானம் திரும்பி வருகிறவர்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. சொந்த வீட்டு வாசலில் நிற்கிறவனையும் ‘வெளிநாட்டு’ என்றே எழுதுவீர்களா?

தேவகோட்டையிலிருந்து:
அப்படியென்றால் ‘புலம்பெயர் பயங்கரவாதி’?

பள்ளத்தூரிலிருந்து:
வேண்டவே வேண்டாம். பட்டினப்பாலையில் ‘புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ என்று வரும் சொல், இன்று கனடாவிலும் லண்டனிலும் பிழைக்கப் போன ஈழத்தமிழருக்கு அடையாளம். அதில் சேறு பூசக்கூடாது.

வினைத்தொகையாக வைத்துப் பாருங்கள்: அயல்செல் பயங்கரவாதி. சென்ற, செல்கிற, செல்லும் மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. சட்டமும் அந்த மூன்று பேரையும்தானே பிடிக்கிறது?

காரைக்குடியிலிருந்து:
ஆச்சி, இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒற்றுகூட மிகாது.

தேவகோட்டையிலிருந்து:
எனக்குப் பிடிக்கவில்லை. ‘செல்’ என்று பார்த்ததும் இன்றைக்குப் பையன்களுக்குக் கைபேசிதான் தோன்றும். இன்னொன்று, பன்னாட்டுச் சட்டத்தில் எல்லா நாடும் ஒப்புக்கொண்ட பயங்கரவாத வரையறையே இதுவரை கிடையாது, 2178உம் அதை வரையறுக்கவில்லை. அப்படியிருக்க, நீதிமன்றம் முடிவு சொல்லும் முன்பே சொல்லிலேயே ஒருவனைப் பயங்கரவாதி ஆக்குகிறோம். லண்டனிலிருந்து 2015இல் 15 வயதில் சிரியாவுக்குப் போன ஷமீமா பேகம் என்ற பெண்ணின் குடியுரிமையை 2019இல் எடுத்தார்கள். நேரில் வந்து வழக்காட விடவேண்டியதில்லை என்று 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 1948க்குப் பின் மலையகத் தமிழரை ‘நாடற்றவர்’ என்று எழுதிப் பழகிய மொழி இது. இங்கே ஒரு சொல் போடும்போது கை கொஞ்சம் நடுங்க வேண்டாமா?

கோட்டையூரிலிருந்து:
நடுங்கட்டும் தம்பி, ஆனால் அந்தக் குறை மூலத்திலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் தீர்மானத்தைத் திருத்த முடியாது. அடிக்குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். என் ஓட்டு ஆச்சிக்கு.

காரைக்குடியிலிருந்து:
மணி ஆறரை, கிளம்புகிறேன். ‘அயல்செல் பயங்கரவாதி’ என்றே போட்டுவிட்டேன். தேவகோட்டையார் சொன்னது அடிக்குறிப்பில் மூன்று வரி, ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே. ‘அயல்செல்’லை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன், கைபேசி தோன்றினால் பொறுப்பு என்னுடையது.

கண்டனூரிலிருந்து:
பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன், வம்பர்தான் சரி. இருக்கட்டும், அடுத்து, தனியாளாகத் தாக்குகிறவனைச் சொல்லும் ‘லோன் வுல்ஃப்’ வருமே, அதற்குக் குறுந்தொகையில் ஒன்று தேடி வைத்திருக்கிறேன்.

பள்ளத்தூரிலிருந்து:
அண்ணன், அது அடுத்த வாரம்.