ஆயில் பிரஷர் மீட்டர் இரட்டிப்பாகக் காட்டுகிறது. ஹெட்லைட் போட்டால் முள் ஆடுகிறது

24 வோல்ட் லாரி. சென்சார் மாற்றிய பிறகு, இன்ஜின் சூடான நிலையில் ஐட்லிங்கில் மீட்டர் 4 பார் (அழுத்த அலகு) காட்டுகிறது. இன்ஜின் பிளாக்கில் நேரடியாக மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தால் 2 பார்தான். 1500 ஆர்பிஎம்மில் கேஜ் 4, மீட்டர் 8. ஆக, பம்பையோ பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டியதில்லை.

மீட்டர் 0-10 பார், 10-180 ஓம் வகை (அழுத்தம் ஏற ஏற சென்சாரின் மின்தடை 10-லிருந்து 180 ஓம் வரை ஏறும்). சென்சார் ஒயரைக் கழற்றினால் முள் மேலே முட்டுகிறது, எர்த் செய்தால் பூஜ்ஜியம். ஒயரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு 82 ஓம் ரெசிஸ்டர் கொடுத்தால் சரியாக 4. சென்சாரோ 2 பாரிலேயே 82 ஓம் தருகிறது. அப்படியானால் அது 5 பார் சென்சார்தானே? உடலில் இருந்த எழுத்து அழிந்துவிட்டது. மரையில் டெஃப்லான் டேப் இல்லை, எர்த் சுத்தம்.

இரண்டாவது தொல்லைதான் குழப்புகிறது. ஹெட்லைட் போட்டதும் முள் அரை பார் நகர்கிறது, ரெசிஸ்டர் மாட்டியிருக்கும்போதும் அப்படியே. லைட் எரியும்போது மீட்டர் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.4 வோல்ட், அணைத்தால் 0.05.

கேட்க நினைப்பது:

டேஷ்போர்டு எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் போதுமா, அல்லது மீட்டருக்கு மட்டும் தனி எர்த் ஒயர் இழுப்பதே நல்லதா?

10 பார் சென்சார் வாங்கும்போது வார்னிங் லைட் முனையம் 0.5 பாரில் இயங்குவதை எடுப்பதா, 0.8 பாரா? சூடான ஐட்லிங்கில் 2 பார் இருப்பதால் இரண்டும் ஒத்துவரும் என்று தோன்றுகிறது. மாற்றிப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். “இன்ஜினைப் பிரித்துப் பார்” மட்டும் வேண்டாம்.