மேசைமேல் பர்மா வானம்: விளையாடியவர்கள் சொன்னவை

கிருஷ்ணகிரி, பழையபேட்டையிலிருந்து

இரண்டாம் உலகப்போரில் பர்மாவின் மேல் நடந்த வானப்போரைச் சின்ன விமானங்கள் வைத்து மேசைமேல் விளையாடுகிறவர்கள் நாங்கள். அவரவர் கண்ட சண்டையை எழுதலாம் என்று பேச்சு வந்தது. சரி, நானே தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் செட்டு முழுக்க உள்ளூர்ச் சரக்கு. விமானத்துக்குக் கால், சைக்கிள் போக்ஸ் கம்பி. அடியில் கிரானைட் பட்டறையில் கழித்துப் போட்ட கறுப்புக் கல் துண்டு; நம் ஊரில் அதற்கா பஞ்சம்? ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் சாயாது. கம்பியில் கோத்த பாசிமணிதான் உயரம் காட்டும். கீழே அறுகோணக் கட்டம் வரைந்த பச்சைத் துணி, அது காடு. அடுத்த நகர்வை எல்லோரும் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்து, ஒன்றாகத் திறக்க வேண்டும். சீட்டுக்குக் கிழித்த காலண்டர் தாள். பின்பக்கம் எழுதினாலும் முன்பக்கத்து ராசிபலன் தெரியும் என்பதால் அதை வைத்துக் கேலி ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் சொல்ல வந்த சண்டை 1941 டிசம்பர் 25, ரங்கூன். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த நகரத்தில் முதல் குண்டுவீச்சு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானியர் மறுபடி வந்தார்கள். கி-21 குண்டுவீச்சு விமானங்கள், துணைக்குக் கி-27, கி-43 சண்டை விமானங்கள். எதிர்த்து எழுந்தவை மிங்கலடோன் தளத்தின் பிரிட்டிஷ் பஃபலோ சண்டை விமானங்களும், ‘பறக்கும் புலிகள்’ எனப்பட்ட அமெரிக்கத் தன்னார்வலர்களின் பி-40 சண்டை விமானங்களும்.

எங்கள் மேசையில் பி-40 ஒரு ஜோடி கல்லூரித் தம்பியிடம், இன்னொரு ஜோடி காவேரிப்பட்டினத்து அண்ணனிடம். தம்பி சீட்டைத் திறந்தால் வலது, வலது, வலது. கி-43 பின்னாலேயே சுழன்று அதன் வாலைப் பிடித்துவிடப் பார்த்தார். எடை குறைந்த அந்த விமானத்தோடு சுழற்சியில் போட்டி போட்டால் எவனும் தேற மாட்டான். மூன்றாம் சுற்றில் கி-43 அவருக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரு பி-40 காலி.

அண்ணனோ ஒரு மூலையில் மணியை ஏழாம் உயரத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். குண்டுவீச்சு வரிசை மேசையின் நடுவுக்கு வந்ததும் சீட்டில் ஒரே வரி: ‘நேர், கீழே நான்கு.’ சர்ரென்று இறங்கி, மூக்கிலும் இறக்கையிலும் உள்ள ஆறு துப்பாக்கிகளுக்கும் பகடை உருட்டி, ஒரு கி-21ஐ எரித்துவிட்டு அதே வேகத்தில் மேசைக்கு வெளியே போய்விட்டார். “என்னண்ணா, ஓடிட்டீங்க?” என்று தம்பிக்கு ஒரே கோபம். “திரும்பி ஏறி வருவேன், இரு” என்றார் அண்ணன். வந்தார், இன்னொன்றையும் எரித்தார்.

பறக்கும் புலிகளை நடத்திய கிளேர் செனால்ட் தன் விமானிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்: மேலிருந்து பாய், சுடு, விலகு, சுழலாதே. பி-40 மணிக்கு 550 கிலோமீட்டருக்கு மேல் போகும், கி-43 அப்போது 500ஐத் தொடாது. பாய்ச்சலில் வித்தியாசம் இன்னும் கூடும். விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு, குண்டு பட்டால் ஓட்டை தானே அடைபடும் எரிபொருள் தொட்டி, இரண்டும் பி-40இல் உண்டு. முதல் ரகக் கி-43இல் கிடையாது. விமானங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுழன்று மோதும் ‘நாய்ச்சண்டை’ பார்க்க வந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். என்னைக் கேட்டால் விளையாட்டின் மொத்த ருசியும் அந்தக் காத்திருப்பில்தான்.

ஓசூரிலிருந்து

மேலே எழுதிய அண்ணனுக்கு வணக்கம். ஆனால் உங்கள் ஆட்டத்தில் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. பி-40க்கு ஏழாம் உயரத்தை இலவசமாகத் தந்தது யார்? ரங்கூனில் எச்சரிக்கை கிடைத்து மேலேறப் போதிய நேரம் இருந்தால்தான் அந்த உயரம். நாங்கள் அதற்கும் பகடை போடுகிறோம். இரண்டுக்குக் கீழே விழுந்தால் மணி மூன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்புறம் பாருங்கள் செனால்ட் பாடத்தை!

நான் எப்போதும் ஜப்பான் பக்கம். எனக்கு மறக்காத ஆட்டம் 1942 மே 22, வங்கக் கடல். ஒரேயொரு பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம் பர்மாக் கரையிலுள்ள அக்யாபைத் தாக்கிவிட்டுத் திரும்புகிறது, பின்னால் கி-43கள் துரத்துகின்றன. துரத்தியவர்களில் 64ஆம் படையின் தலைவர் டடேயோ கட்டோவும் ஒருவர்; ஜப்பானில் அப்போதே பெரிய பெயர். பிளென்ஹைமின் மேல்கூண்டுத் துப்பாக்கிக்காரர் சுட்டதில் கட்டோவின் விமானம் தீப்பிடித்துக் கடலில் விழுந்தது. பிளென்ஹைம் தப்பிப் போனது.

இதை மேசையில் வைத்தபோது என் எதிராளி, சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்தவர், தூக்கக் கலக்கத்தில் இருந்தார். சுலபமான வெற்றி என்று நினைத்தேன். அவர் மணியைப் பூஜ்யத்துக்கு இறக்கி, அலையை உரசிக்கொண்டே நேராகப் போனார், வேறொன்றும் செய்யவில்லை. கீழேயிருந்து வந்து வயிற்றில் சுட எனக்கு வழியில்லாமல் போனது. மேலிருந்து வந்தால் கூண்டுத் துப்பாக்கி. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அவர் பகடையை உள்ளங்கையில் குலுக்கி “தாயம் விழுடா” என்பார். கவசமில்லாத கி-43க்கு ஒரு நல்ல எண் போதும். இரண்டு விமானம் போனதும் நானே துரத்தலை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று, எங்கள் தொடர் ஆட்டத்தில் அடிபட்ட நேச நாட்டு விமானங்களைப் ‘பெங்களூருக்கு அனுப்பு’ என்று ஒரு விதி. 1940இல் அங்கே தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்த இடமாயிற்றே. நமக்கு ஒரு மணி நேரப் பயணம். மேசையிலோ அந்த விமானம் இரண்டு ஆட்டம் வெளியே உட்கார வேண்டும்.

அரூரிலிருந்து

எல்லோரும் சண்டை விமானத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். லைசாண்டர் விளையாடிப் பாருங்கள்.

இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் 1942 பிப்ரவரியில் பர்மாவின் டவுங்கூவுக்குப் போனது லைசாண்டரோடுதான். அது தரைப்படைக்கு வேவு பார்க்கச் செய்த விமானம். மடங்காத சக்கரம், உயர்ந்த இறக்கை, வேகம் மணிக்கு 340 கிலோமீட்டர்தான். அதில் குண்டு மாட்டி, ஸ்குவாட்ரன் தலைவர் மஜும்தார் வந்த மறுநாளே தாய்லாந்தின் மே ஹாங் சான் விமானத்தளத்தைத் தாக்கினார். துணைக்கு இரண்டே பஃபலோ. சால்வீன் ஆற்றையும் மலைக்காட்டையும் தாண்டிப் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார்.

திரும்பும் வழியில் இரண்டு கி-27 குறுக்கே வந்திருந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் கற்பனையாக ஓர் ஆட்டம் போட்டோம். லைசாண்டரை எடுத்தவர் எங்கள் கணக்கு டீச்சர். மற்றவர்கள் பரிதாபப்பட்டோம். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டி ஒன்றே ஒன்று கேட்டார்: “சார், மற்ற விமானம் எல்லாம் குறைந்தது மூன்று கட்டம் நகர வேண்டும். இது ஒரு கட்டம் நகர்ந்தால் போதுமா?” போதும். லைசாண்டர் மிக மெதுவாகப் பறந்தாலும் கீழே விழாது.

அவ்வளவுதான். கி-27 நெருங்கும்போதெல்லாம் டீச்சர் ஒரு கட்டம் மட்டும் நகர்ந்து இடப்பக்கம் ஒடிப்பார். துரத்தியவன் முன்னால் ஓடிப்போய் மலைச்சரிவில் முட்டாமல் மேலேற வேண்டியதாகிவிடும். திரும்பி வர இரண்டு சுற்று. அதற்குள் டீச்சர் அடுத்த பள்ளத்தாக்கில். மரத்தலை உயரத்தில் பறப்பதால் சுற்றுக்கொரு பகடை உண்டு, ஒன்று விழுந்தால் மோதல். அந்தப் பகடைதான் வயிற்றைக் கலக்கியது, கி-27 அல்ல. கடைசியில் வால் துப்பாக்கிக்காரர் காயம், விமானம் பத்திரம்.

பாலக்கோட்டிலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன். 1944, இம்பால் முற்றுகை. டகோட்டா என்ற சரக்கு விமானங்கள் மூட்டை இறக்க வர வேண்டும், ஜப்பானியக் கி-43கள் தடுக்க வேண்டும். மழைமேகத்துக்கு இலவம்பஞ்சு. ஆட்டத்தின் பாதி நேரம் எல்லா விமானமும் பஞ்சுக்குள்தான் கிடந்தது, யாருக்கும் யாரையும் தெரியவில்லை. டகோட்டாக்களுக்குக் காவலாக ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் வைத்திருந்தவர் அலுத்துப்போய் டீ வாங்கப் போய்விட்டார். அவர் இல்லாதபோதுதான் கி-43 வெளியே வந்தது. ஒரு டகோட்டா விழுந்தது. மற்றது மூட்டைகளைப் போட்டது, அதில் ஒன்று பகடை தவறி எதிரி கட்டத்தில் விழுந்தது.

அந்த மூட்டைக்குப் புள்ளி உண்டா இல்லையா என்றுதான் சண்டையைவிட நீளமான சண்டை. அரிசி ஜப்பானியர் கைக்குப் போனால் அவர்களுக்கே புள்ளி என்று ஒரு கட்சி. அவர்கள் அப்போது பட்டினியில் கிடந்ததால் அது நியாயம்தான். கடைசியில் அரைப் புள்ளி ஜப்பானுக்கு என்று தீர்த்தோம். ஓசூர்க்காரர் முழுப் புள்ளி கேட்பார், தெரியும், தர மாட்டோம்.