ஹீமோகுளோபின் நார்மல், ஆனாலும் முடி கொட்டுகிறது. இரும்புச்சத்துதான் காரணமா?

மதுரைக்காரி:
வயது 31. நாலு மாதமாகச் சீப்பில் பந்து பந்தாக முடி, குளித்து முடித்தால் பாத்ரூம் சல்லடை அடைத்துக்கொண்டு தண்ணீர் நிற்கிறது. வகிடும் அகலமாகிவிட்டது. மாதவிலக்கு ஏழு நாள், அதில் மூன்று நாள் ரொம்ப அதிகம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.1, நார்மல்தான், எண்ணெயை மாற்றிப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று எண்ணெய் மாற்றியாயிற்று. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. என்ன செய்ய?

தறிவீடு:
ஃபெரிட்டின், அதாவது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவு, பார்த்தீர்களா சகோதரி? ஹீமோகுளோபின் அன்றாடம் உலையில் போடும் அரிசி என்றால் ஃபெரிட்டின் குதிரில் இருக்கிற நெல். குதிர் காலியாகிக்கொண்டே வந்தாலும் கொஞ்ச நாள் சோறு வெந்துகொண்டுதான் இருக்கும். எனக்கு ஹீமோகுளோபின் 12.4 இருந்தபோதே ஃபெரிட்டின் 9. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 15-க்குக் கீழே போனாலே குறைபாடு, முடிக்குக் குறைந்தது 40 வேண்டும் என்றார் என் தோல் டாக்டர் (இந்த எண் டாக்டருக்கு டாக்டர் மாறும்). இரும்பு மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டுவது குறைந்தது, நெற்றியோரம் குட்டி முடி தெரிய ஆறு மாதம். நடுவில் விட்டுவிடாதீர்கள், முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

பழைய லேப்காரர்:
காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் எடுக்க வேண்டாம் அம்மா, உடம்பில் தொற்று இருந்தால் அது ஏறிக் காட்டும், குறைவு மறைந்துபோகும். கூடவே தைராய்டும் பாருங்கள். டெங்கு, டைபாய்டு, பிரசவம் இதெல்லாம் வந்து போனாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டும். மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், குறைவே இல்லாதவருக்கு இரும்பு ஏறினால் ஈரலில் போய்த் தங்கும்.

மதுரைக்காரி:
ரிசல்ட் வந்துவிட்டது. ஃபெரிட்டின் 7! தைராய்டு சரியாக இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்துவிட்டேன், இது சாதாரணமா?

தறிவீடு:
சாதாரணம்தான், மாத்திரையால் வருவது. டீயோடு மட்டும் போடாதீர்கள், முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். நான் எலுமிச்சை ஜூஸோடு போடுவேன். முருங்கைக்கீரை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) சாப்பிடுங்கள், ஆனால் 7-லிருந்து ஏற அது மட்டும் போதாது. அப்புறம் முக்கியமானது, அந்த மூன்று நாள் உதிரப்போக்கு ஏன் என்று மகளிர் டாக்டரிடம் காட்டினீர்களா? ஓட்டையை அடைக்காமல் குதிரில் நெல் நிரப்ப முடியாது.

மதுரைக்காரி:
இல்லை அக்கா. அம்மாவுக்கும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை ஸ்கேன்.